ஆறரைக் காட்சியின் நூற்று எண்பத்தொரு பெண்கள்

டிக்கெட் அக்கா எண்ணுவதற்குத் தாளும் வேண்டாம், வாயும் வேண்டாம். வலது கைக் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாக ஏறும். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஆள்காட்டி விரலின் நுனிக்கணு வந்ததும் இடது கைக் கட்டைவிரல் ஒரு கணு நகரும். வலது கை மறுபடி சுண்டுவிரலுக்கு இறங்கிவிடும். இடது கையும் நிறைந்துவிட்டால் நூற்று நாற்பத்து நான்கு. அப்போது வலது காதில் செருகியிருக்கும் பேனா இடது காதுக்கு மாறும். இதெல்லாம் நடக்கும்போது முகத்தில் ஓர் அசைவு இருக்காது. படம் விட்டு வெளியே வருகிறவர்கள், கதவோரம் நிற்கும் இந்த அம்மாள் ஏதோ வேண்டிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் எண்ணியது பெண்களை.

நான்கு அரங்கங்கள் உள்ள தியேட்டர் அது. டிக்கெட் கூண்டு எட்டடிக்கு ஆறடி. முன்னால், துளை போட்ட கண்ணாடிக்குப் பக்கத்தில், அக்கா. பின்னால் ஒரு கணினியோடு நான். அவர் பத்தொன்பது வருடமாக டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். அவர் விற்றதையெல்லாம் தொகுத்துத் திங்கள்கிழமைதோறும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது நான்கு வருடமாக என் வேலை. முதல் ஆறு மாதத்தில் அவரிடம் நான் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். ஊமைக்கோட்டான் என்று எனக்குப் பெயர் வைத்தார். விசைப்பலகைக்கு அடியில் நான் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒருநாள் உருவிப் புரட்டிவிட்டு, பக்கத்துக்குப் பாதி காலியாக இருக்கிறதே, இதற்கும் முழு விலைதான் வாங்குகிறார்களா என்று கேட்டார்.

டிக்கெட் எந்திரத்தில் மற்ற எதையும் அழுத்துவதற்கு முன் ஒரு விசையை அழுத்தியாக வேண்டும். 'ஆ' அல்லது 'பெ'. எந்தப் படத்துக்கு ஆண்கள் வருகிறார்கள், எதற்குப் பெண்கள் வருகிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எந்திரம் கேட்டது வாங்குகிறவர் யார் என்று. பார்க்கப்போகிறவர் யார் என்று கேட்கவில்லை. ஒருவர் வந்து ஐந்து டிக்கெட் கேட்டால் ஒரே ஒரு 'ஆ'. அவருடைய மனைவி, மைத்துனி, இரண்டு மகள்கள் எல்லோரும் அந்த 'ஆ'வுக்குள் அடங்கிவிடுவார்கள். கல்லூரிப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வந்தால் வரிசையில் நெரிபட யாருடைய தம்பியையாவது தள்ளிவிடுவார்கள். பதின்மூன்று பேருக்கும் அதே ஒரு 'ஆ'. கைப்பேசியில் எடுத்தாலும் அதே கதை. செயலியில் பெயர் அண்ணனுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருக்கும்.

ஆக, திங்கள்கிழமை நான் அனுப்பும் தாளில் வாராவாரம் ஒரே பாட்டு: காமிக்ஸ் சண்டைப் படம், பெண்கள் பன்னிரண்டு சதவீதம். காமிக்ஸ் சண்டைப் படம், பெண்கள் பதினொரு சதவீதம். அந்த எண்ணை நான்தான் தட்டினேன். தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கு வெளியே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கத் தோன்றவில்லை.

அக்காவுக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். விற்பனை ஓய்ந்ததும் அரங்கத்துக்குள் போய்ப் பின்சுவரில் சாய்ந்து இருபது நிமிடம் பார்ப்பார். அடுத்த நாள் வேறு இருபது நிமிடம். ஒரு படத்தை ஆறு நாளில் துண்டு துண்டாகச் சேர்த்து முழுசாக்கிவிடுவார். பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினதாக நினைவில்லை. கூண்டுக்குள் நுழையும்போதே உதடு ஒரு பக்கம் கோணியிருக்கும். ஏழு வீரர்கள் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் ஒரு படம் வந்தது. ஏழில் ஒருத்தி பெண். அவள் பேசுவதை அக்கா ஒரு வாரம் கணு கணுவாக எண்ணினார்.

“இரண்டரை மணி நேரத்துல பத்தொன்பது வசனம் தம்பி. அதுல ஏழு, அந்த ஆளோட பேரைச் சொல்லிக் கத்துறது. பன்னிரண்டுதான் மிச்சம். என் கூட வேலைக்கு வந்த முதல் ஆறு மாசத்துல நீயே ஏறக்குறைய இவ்வளவு பேசின.”

முன்கூடத்தில் அந்த ஏழு பேருக்கும் ஆள் உயர அட்டை உருவங்கள் வந்தன. ஆறு பேரை வாசலுக்கு எதிரே வரிசையாக நிறுத்தினார்கள். அவளுக்கு இடமில்லை என்று தூணுக்குப் பின்னால், பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எதிரியை நோக்கி நீட்டிய அவள் கை, கழிப்பறைக் கதவைக் காட்டியது. வழி கேட்கிறவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்றார் செக்யூரிட்டி அண்ணன். அக்கா காலையில் வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆறு பேருக்கு நடுவில் வைப்பார். மத்தியானத்துக்குள் அவள் மறுபடி கழிப்பறை வாசலில் நிற்பாள். மூன்று வாரம் இது நடந்தது. அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் ஒரு தடவைகூட இதைப் பற்றி வாய் திறந்து பேசிக்கொள்ளவில்லை. மேனேஜர் மட்டும், அட்டைக்கு ஏன் கழுத்து ஒடிந்திருக்கிறது என்று ஒருநாள் விசாரித்தார்.

அக்காவுக்கு ஒரே மகள். சின்ன வயதில் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு கட்டிலிலிருந்து குதிக்கிற பெண். பெரியம்மா பையன்கள் நான்கு பேர் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவளுக்கு ஒரே வேலைதான். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து காப்பாற்றுங்கள் என்று கத்த வேண்டும். ஒருநாள் கத்தாமல் அங்கேயே தூங்கிப்போனாள். யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் நான்கு வீரர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, ஒருவனுக்குப் பல் போயிற்று. பழி தூங்கினவள் மேல்தான் விழுந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டேதான் தொடங்குவார். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது.

மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தாள்.

அந்த வருடம்தான் சாம்பல் கவசக்காரியின் படம் வந்தது. பாலம் கட்டும் பொறியாளர் ஒருத்தி. பாலம் இடிந்து விழும்போது அதைத் தோளில் தாங்கப் போய் அவளுக்கு அந்தச் சக்தி வந்துவிடுகிறது. படம் முழுக்க அவள்தான். சுற்றிலும் ஆறு ஆண்கள் கிடையாது. காப்பாற்ற யாரும் வருவதும் கிடையாது. முதல் வாரத்துக்குப் பெரிய அரங்கம் கிடைத்தது: முந்நூற்று இருபது இருக்கை, மாலை ஆறரைக் காட்சி. இரண்டாவது வாரம் எப்படி என்பது திங்கள்கிழமை முடிவாகும்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது வாரம்தான். மகளுடைய கம்பெனியில் சரக்கு லாரி கிளம்பும்வரை யாருக்கும் விடுப்பு இல்லை, ஞாயிறும் வேலை. லாரி கிளம்புவது அடுத்த சனிக்கிழமை மத்தியானம். அன்று சாயங்காலம் பேக்கிங் பிரிவுப் பெண்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு ஆறரைக் காட்சிக்கு வருவதாக மகள் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு பேர், வலது கைக்குச் சரியாக ஒரு சுற்று. அந்தச் சனிக்கிழமை வரை படம் ஆறரையில் நின்றாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை படம் விட்டபோது அக்கா கதவோரம் நின்றார். பேனா இடது காதுக்குப் போய், அதற்கு மேல் ஏழு. நூற்று ஐம்பத்தொன்று. வந்தவர்கள் மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டு. நான் எந்திரத்தில் பார்த்தேன். பெண்கள்: பதின்மூன்று சதவீதம்.

சனிக்கிழமை இடது கையில் இரண்டு, வலது கையில் நான்கு, பேனா இடது காதில். நூற்று எழுபத்திரண்டு. எந்திரம் சொன்னது பதினான்கு.

“இந்த மெஷினுக்குக் கண்ணு இல்ல, சரி,” என்றார் அக்கா. “உனக்கு இருக்கில்ல?”

அவர் சொன்ன இரண்டு எண்களையும் ஒரு தாளில் அடித்துக்கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அவர் மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தொண்டை கட்டாமல் இருக்க எப்போதும் ஒரு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கியிருப்பார். கோபம் வந்தால் அதைக் கடித்துவிடுவார், அவ்வளவுதான். தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது நீங்க எண்ணினது. எனக்கு வேணுங்கிறது சிஸ்டம் எண்ணினது.”

சிஸ்டம் தப்பாக எண்ணுகிறது என்பதை அக்கா பொறுமையாக விளக்கினார். ஐந்து டிக்கெட், ஒரு 'ஆ', உள்ளே நான்கு பெண்கள். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, சிஸ்டம் எவ்வளவு சொல்கிறது என்றார். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. பதினாலு சார், என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

“சரி, உள்ள பொம்பளைங்க இருக்காங்கன்னே வச்சுக்குவோம்,” என்றார் மேனேஜர். “கூட வந்திருப்பாங்க. புருஷன் வர்றான், கூட வர்றாங்க. பையன் அடம் பிடிக்கிறான், கூட வர்றாங்க. அவங்களா வர்ற படம் இது இல்ல. என் வீட்டையே எடுத்துக்குங்க. என் சம்சாரமும் ரெண்டு பொண்ணுங்களும் இந்த மாதிரிப் படத்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க.”

அவர்களுக்குப் படுக்க வழியே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலை செய்யும் இடத்துக்கு வீடு வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தக் குடும்பத்தை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

அக்கா நகரவில்லை. கடைசியில் மேனேஜர்தான் இறங்கிவந்தார். நாளை ஞாயிற்றுக்கிழமை ஆறரைக் காட்சிக்குச் சிஸ்டத்தில் பெண்கள் நாற்பது சதவீதம் வரட்டும், இரண்டாவது வாரமும் ஆறரையிலேயே விடுகிறேன் என்றார். வராது என்ற தைரியத்தில் சொன்னார் என்பது மிட்டாயை அவர் உருட்டிய விதத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா செய்தது ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு டிக்கெட்டாகக் கொடுத்தார்.

பக்கத்துக் கூண்டுக்காரர் அன்று விடுப்பு. ஒரே வரிசை. எந்திரம் துப்பும் சீட்டுகளைக் கிழித்து நீட்ட என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். முதலில் வந்தவர் வழக்கம்போல அஞ்சு டிக்கெட் என்று விரலை விரித்தார்.

“யார் யாருக்கு?”

“எங்களுக்குத்தான்.”

“எங்களுக்குன்னா? அவங்களைக் கிட்ட வரச்சொல்லுங்க.”

“இதென்ன சினிமாவா, பாஸ்போர்ட் ஆபீஸா?”

அவருக்குப் பின்னால் தள்ளி நின்ற மனைவியும் மகள்களும் கூச்சத்தோடு கண்ணாடி முன்னால் வந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் எந்தப் படம், எந்த வரிசை என்று கேட்டார். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவரைப் பாக்காதீங்க, படம் பாக்கப்போறது நீங்க, என்றார் அக்கா. பெ. பெ. பெ. பெ. கடைசியில் ஓர் ஆ.

இப்படியே ஒவ்வொரு குடும்பமாக. கண்ணாடித் துளைக்கு எவ்வளவு நெருங்கிப் பேச வேண்டும் என்றே சிலருக்குத் தெரியவில்லை, நெற்றியை இடித்துக்கொண்டார்கள். வயதான ஓர் அம்மாள் நடு வரிசை வேண்டும், போன தடவை மகன் ஓரத்தில் வாங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று மகனை வைத்துக்கொண்டே புகார் சொன்னார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, இவளும் பெண்தான், இவளையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஒருவர், அவ சும்மா துணைக்கு வர்றா, எனக்கே சேர்த்துக் குடுத்துடுங்க, என்றார். துணைக்கு வந்தவள் முன்னால் வந்துவிட்டாள்.

“யாரு துணைக்கு? ரெண்டு வாரமா நச்சரிச்சு இழுத்துட்டு வந்தது நானு. போட்டுக்குங்க அக்கா, இவருதான் துணை.”

“துணைக்குத் தனி விசை இல்லம்மா,” என்றார் அக்கா. “ஆன்னு போட்டுக்கிறேன்.”

வரிசை வாசலைத் தாண்டி, படிகளைத் தாண்டி, தெருவுக்குப் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். செக்யூரிட்டி அண்ணன் இரண்டு தடவை வந்து கண்ணாடியைத் தட்டினார். எந்திரம் சூடேறி ரப்பர் வாடை அடித்தது. எனக்கு விரல் நுனியில் தோல் உரிந்தது. ஆறு இருபத்தைந்து இருக்கும், முகக்கவசம் போட்ட ஒரு பெண்மணி இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து நின்றார். சின்னவளின் கழுத்தில் ஒரு சாம்பல் நிறத் துண்டு முடிச்சிட்டிருந்தது. அவர்களிடம் மட்டும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பெ. பெ. பெ. கடைசி வரிசை, ஓரம். சீட்டைக்கூட என்னிடமிருந்து வாங்கி அவரே நீட்டினார். நேரமாகிவிட்டதே என்ற அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்தவரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

படம் இருபத்திரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

அரங்கம் நிறைந்திருந்தது. படம் விட்டதும் அக்கா கதவோரம் நின்றார். இடது கையில் மூன்று, வலது கையில் ஒன்று, பேனா இடது காதில். நூற்று எண்பத்தொன்று. எந்திரத்தில் நாற்பத்தேழு சதவீதம். கைப்பேசியில் எடுத்தவர்கள் இன்னும் அண்ணன்களாகவும் அப்பாக்களாகவுமே இருந்தார்கள், அதனால் குறைவு. நாற்பதுக்கு அது போதும். ஊமைக்கோட்டானே, இப்ப தட்டு பாக்கலாம், என்றார். தட்டினேன். நான்கு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் தட்டிய முதல் சரியான எண்ணுக்கு அதுதான் மிக நெருக்கம்.

திங்கள்கிழமை காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. உங்கள் எந்திரத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்கள்.

பன்னிரண்டு சதவீதம் வந்த இருநூறு வாரங்களில் ஒரு தடவைகூட யாரும் அதைக் கேட்டதில்லை. நாற்பத்தேழு வந்ததும், பதினோரு மணிக்கெல்லாம் பை நிறைய திருப்புளியோடு மெக்கானிக் வந்துவிட்டார். 'ஆ'வை இருபது தடவை அழுத்தினார், 'பெ'யை இருபது தடவை அழுத்தினார். மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். கோளாறு ஒன்றுமில்லை என்றார். 'ஆ' விசையில் எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, 'பெ' மட்டும் கடையிலிருந்து நேற்று வந்ததுபோலப் புத்தம்புதிதாக இருக்கிறது, அதுதான் ஆச்சரியம் என்றார். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அக்காவையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். இருபத்திரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். இனிமேல் ஆளுக்கொரு டிக்கெட் கூத்து வேண்டாம். ஆறரைக் காட்சி வெள்ளி முதல் கார் துரத்தல் படம் ஒன்றுக்குப் போகிறது. சாம்பல் கவசக்காரி நான்காவது அரங்கத்துக்கு, ஐம்பது இருக்கை, வார நாள்களில் மட்டும், காலை பத்து மணி.

“நாப்பதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நாப்பத்தேழு வந்திருக்கு.”

“வந்துச்சா, வரவச்சீங்களா? ஒவ்வொருத்தரையா புடிச்சு நிறுத்தி பட்டனை அமுக்கினா எதுதான் வராது? கூட வந்தவங்களை எல்லாம் தனியா வந்தவங்க மாதிரி காட்டியிருக்கீங்க.”

“கூட வந்தா பெண் இல்லையா சார்? உள்ள போய்க் கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருந்தாங்க?”

மேனேஜர் மிட்டாயைக் கடித்தார். சத்தம் கேட்டது. பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“சரிம்மா. எண்ணே வேண்டாம். ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளை, யாரும் கூட்டிட்டு வராம, தானா ஆசைப்பட்டு அந்தப் படத்துக்கு வந்தாங்கன்னு ஒரு ஆள். சொல்லுங்க, ஆறரையை இப்பவே விட்டுர்றேன்.”

“நான் பாத்தேன்.”

“நீங்க ஸ்டாஃப்.”

“என் பொண்ணு.”

“அவ இன்னும் பாக்கவே இல்லையேம்மா.”

அக்கா வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். கை தானாகக் காதுக்குப் போய்ப் பேனாவை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றியது. எண்ணுவதற்கு அங்கே யாரும் இல்லை. நான் காத்திருந்தேன். முந்தின நாள் ஊரையே வரிசையில் நிறுத்தியவர், ஒரே ஓர் ஆளைச் சொல்ல முடியாமல் நின்றார். பாப்கார்ன் விற்கும் பெண்ணுடைய தங்கை வந்திருந்தாள். எதிர்க் கடைத் தையல்காரி வந்திருந்தாள். எனக்கே இரண்டு முகம் ஞாபகம் வந்தது. அவர்களை மேனேஜருக்கும் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. ஆனால் என் கோபம் முழுக்க அப்போது அக்கா மேல்தான் இருந்தது.

“யாருமில்ல சார்,” என்றார் அக்கா. வெளியே வந்துவிட்டார்.

கூண்டில் போய் உட்கார்ந்ததும் நான் கேட்டேன். நான்கு வருடத்தில் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒரு பேர் கூடவா கிடைக்கல? அவர் எந்திரத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, உனக்குக் கிடைச்சுதா, என்றார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் எரிச்சலோடு, எட்டடிக்கு ஆறடியில், முதுகு உரச உட்கார்ந்திருந்தோம். 'ஆ' விசை தன் பழைய வேலைக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை இரவுக் காட்சிக்கு முன்பே முன்கூடத்தைக் காலி செய்தார்கள். சாம்பல் கவசக்காரியின் அட்டை உருவம் குப்பை வண்டிக்குப் போக வேண்டியது. மகளிடம் அக்கா தொலைபேசியில் சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை வர வேண்டாம் என்று. அந்தப் பெண், சரிம்மா, அப்ப அந்த அட்டையையாவது வீட்டுக்குக் கொண்டு வா, என்றாளாம்.

இடுப்பில் மடித்து, சணல் கட்டி, பேருந்து நிறுத்தம் வரை இரண்டு பேருமாகத் தூக்கிப்போனோம். கால் பக்கம் நான். பேருந்தில் நடத்துநர் அதைப் பார்த்துவிட்டு லக்கேஜுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். லக்கேஜ் டிக்கெட் வேண்டாம், ஆள் டிக்கெட்டே ஒண்ணு குடுங்க, பொம்பளை ஆளு, என்றார் அக்கா. நடத்துநருக்குப் புரியவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆள் டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்தார். கம்பியைப் பிடித்தபடி நின்ற அக்காவின் தோளில் ஓர் அட்டை முகம் சாய்ந்துகொண்டு போவதை நிறுத்தத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அக்கா கதவோரம் நின்று எண்ணினார். எந்தப் படம் என்றாலும் எண்ணினார். யாரிடமும் எண்ணைச் சொல்வதில்லை. என்னிடம் மட்டும், கூண்டுக்குள் நுழையும்போது, நூத்தி ஆறு, தொண்ணூத்தி எட்டு என்று சொல்லிவிட்டுப் போவார். திங்கள்கிழமைத் தாளில் அதற்காக ஓரத்தில் ஒரு கட்டம் போட்டேன். தலைமை அலுவலகம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கட்டத்தை எடுக்கச் சொல்லவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மேனேஜர் கால் முறிந்து படுத்திருந்தபோது, கையெழுத்து வாங்க ஒரு கட்டுத் தாளோடு என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி. நான் யாரென்று சொல்வதற்குள், சீட்டுக் கிழிச்சுக் குடுத்த தம்பிதானே, என்றார். எனக்கு அவரைத் தெரியவில்லை. அவர் புடவைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் ஒரு நொடி மறைத்துக் காட்டினார். பின்னால், நாற்காலி முதுகில், ஒரு சாம்பல் நிறத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

உள் அறையிலிருந்து மேனேஜர் இருமும் சத்தம் வந்தது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்று தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். மகள்கள் இரண்டு பேரும் அந்தப் படத்துக்காக ஒரு மாதம் கெஞ்சினார்களாம். ஆனால் கூண்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை வரிசையில் பாதி வந்த பிறகுதான் பார்த்தாராம். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாராம்.

“டிக்கெட் அக்கா நல்லா இருக்காங்களா? முன்னாடி ஒரு தடவை இவருக்கு உடம்பு சரியில்லாதப்ப ஒரு வாரம் தினம் ஃபைல் எடுத்துட்டு இங்க வந்துட்டிருந்தாங்க. என் கையால டீ குடிச்சிருக்காங்க. அன்னைக்கு அந்தக் கண்ணாடிக்கிட்ட வந்து நின்னவுடனே அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சு.”